பழைய லெப்டொப், லினக்ஸ் மின்ட்: டிவிடி டிரைவ் ஏன் இவ்வளவு மெதுவாக வாசிக்கிறது?

ஹட்டனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அக்காவின் கல்யாண டிவிடி, தோட்டத்தில் எடுத்த காமன் கூத்து சீடி, ஸ்டூடியோ கொடுத்த ஃபோட்டோ சீடி எல்லாவற்றையும் லெப்டொப்பில் ஏற்றப் பார்க்கிறீர்கள். ஒரு ஃபைல் கொப்பியாகவே மணிக்கணக்காகிறது. விண்டோஸில் வேகமாக ஓடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் சொன்னபடி எச்டிபார்ம் கட்டளையால் டிஎம்ஏ-வை, அதாவது சிபியுவைத் தொந்தரவு செய்யாமல் டிரைவிலிருந்து நேராக மெமரிக்குத் தரவு போகும் வழியை, இயக்கப் போனால் பிழைதான் வருகிறது. அதை எப்படி இயக்குவது என்பது உங்கள் கேள்வி.

இயக்கவே வேண்டாம். அந்த யோசனை டிரைவை இணைக்கும் பழைய முறையான ஐடிஈ காலத்துக்கானது. அப்போது டிரைவின் பெயர் எச்டிசி என்று இருக்கும். டிஎம்ஏ அணைந்து கிடந்தால் டிரைவிலிருந்து வரும் எல்லாவற்றையும் சிபியுவே தூக்கிச் சுமக்க வேண்டும். படம் திக்கித் திக்கி ஓடும், மவுஸ்கூட நகராது. 2007 வாக்கில் பெரும்பாலான லினக்ஸ்கள் லிப்ஏடிஏ என்ற புதிய டிரைவர் பகுதிக்கு மாறிவிட்டன, டிரைவின் பெயரும் எஸ்ஆர்0 ஆகிவிட்டது. பழைய ஐடிஈ பகுதியையே 2021இல் வந்த 5.14 கெர்னலில் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) அடியோடு எடுத்துவிட்டார்கள். லிப்ஏடிஏ டிஎம்ஏ-வைத் தானாகவே இயக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து எச்டிபார்ம் போட்டால் ஏற்காது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தேடினால் அந்தப் பழைய பதில்தான் முதலில் வந்து நிற்கிறது, என்ன செய்ய.

சந்தேகம் தீர ஒருமுறை பார்த்துவிடுங்கள். டேர்மினலில் சூடோவோடு (நிர்வாகி அனுமதியோடு) டிமெஸ்ஜி அடித்து, அது காட்டும் கெர்னல் குறிப்புகளில் ஏடிஏ என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். டிரைவுக்கான வரியில் யூடிஎம்ஏ 33 அல்லது 100 என்று இருந்தால் டிஎம்ஏ ஓடுகிறது, அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை. 'லிமிட்டிங் ஸ்பீட்' என்றோ பிஐஓ4 (சிபியுவே சுமக்கும் பழைய முறை) என்றோ இருந்தால், டிரைவ் பலமுறை பதில் சொல்லாமல் போனதால் கெர்னல் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்திருக்கிறது. மறுபடி பூட் செய்தால் பழைய வேகம் வரும். அப்படியும் இறங்கிக்கொண்டே இருந்தால் கனெக்டர் லூசாக இருக்கலாம். அநேக மாடல்களில் அடியில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் டிரைவ் முழுதாக வெளியே வரும். எடுத்து, திரும்ப இறுக்கிப் பொருத்துங்கள்.

அடுத்தது அளந்து பார்ப்பது. வேகம் என்று எதை எதிர்பார்க்கிறோம்? சீடியில் 1எக்ஸ் என்றால் நொடிக்கு 150 கிலோபைட். டிவிடியில் 1385 கிலோபைட். லெப்டொப் டிரைவ்கள் பெரும்பாலும் சீடிக்கு 24எக்ஸ், டிவிடிக்கு 8எக்ஸ். கணக்குப் போட்டால் சீடிக்கு 3.6 மெகாபைட், டிவிடிக்கு 11 மெகாபைட். அதுவும் தட்டின் வெளி ஓரத்தில்தான். வாசிப்பு உள்பக்கத்திலிருந்து தொடங்குவதால் ஆரம்பத்தில் அதில் பாதிகூட வராது. ஆகவே டிவிடி தொடக்கத்தில் 4 அல்லது 5 மெகாபைட்டில் போனால் அது நல்ல டிரைவ். அதைத் திருத்தக் கிளம்பாதீர்கள்.

பிரின்டரோடு வந்த டிரைவர் சீடி ஒன்று வீட்டில் எங்காவது கிடக்கும். தொழிற்சாலையில் அச்சடித்த தட்டு என்பதால் சோதனைக்கு அதுதான் நல்லது. தரவை அப்படியே கொப்பி செய்யும் டிடி கட்டளையில் உள்ளீடாக எஸ்ஆர்0, வெளியீடாக டெவ் நல் (எதையும் சேமிக்காமல் விட்டுவிடும் இடம்), கூடவே ஸ்டேட்டஸ் புரோகிரஸ் கொடுத்து ஓட விடுங்கள். வேகம் திரையில் ஓடும். கடையில் வாங்கிய சினிமா டிவிடியை இதற்குப் போடாதீர்கள். அதில் சிஎஸ்எஸ் என்ற கொப்பித் தடுப்புப் பூட்டு உண்டு, டிடி முழி பிதுங்கி நின்றுவிடும். டிரைவர் சீடி சரளமாக ஓடி உங்கள் தட்டு மட்டும் திணறினால், லினக்ஸையும் டிரைவையும் விட்டுவிட்டுத் தட்டைப் பாருங்கள். என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து முடியும்.

உங்கள் காமன் கூத்து சீடி விஷயம் தனி. நம் பக்கத்து ஸ்டூடியோக்கள் ஒரு காலத்தில் கல்யாணம், சடங்கு, திருவிழா எல்லாவற்றையும் விசிடியாகத்தான் (சீடியில் பதிந்த வீடியோ) கொடுத்தார்கள். தட்டைத் திறந்தால் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டர், அதற்குள் ஏவிசெக்01 என்று தொடங்கும் பெரிய ஃபைல் இருந்தால் உங்களுடையதும் அதுவே. இதை ஃபைல் மேனேஜரில் இழுத்துப் போட்டு லினக்ஸில் கொப்பி பண்ண முடியாது. சாதாரண டேட்டா சீடியில் ஒரு செக்டருக்கு, அதாவது தட்டின் ஒரு துண்டுக்கு, 2048 பைட். விசிடியின் வீடியோ செக்டரில் 2324 பைட். கூடுதல் பிழைதிருத்தத் தகவலுக்கான இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். கெர்னல் அதை டேட்டா என்று நினைத்துக் கேட்கிறது, டிரைவ் மறுக்கிறது, கெர்னல் மறுபடி கேட்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு டிரைவ் மெதுவாக ஓடுகிற மாதிரித் தெரியும். டிமெஸ்ஜியில் 'இல்லீகல் மோட் ஃபோர் திஸ் டிராக்' என்று வரிசையாக வந்தால் சந்தேகமே வேண்டாம். விண்டோஸ் அந்தச் செக்டர்களை வேறு விதமாக வாசித்து ஃபைலாகக் காட்டுவதால் அங்கே கொப்பியாகும். 'விண்டோஸில் வேகமாக ஓடுதே' என்று நீங்கள் எழுதியதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

விசிடிஇமேஜர் என்ற பொதியை நிறுவுங்கள், மின்டின் களஞ்சியத்திலேயே இருக்கிறது. அதில் வரும் விசிடிஎக்ஸ்ரிப் கட்டளைக்கு சீடிரொம் டிவைஸாக எஸ்ஆர்0-ஐக் காட்டினால் எம்பிஜி ஃபைலாக இறக்கித் தரும். கீறல் இருக்கும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும். அந்தப் பிழைதிருத்தம் இல்லாததால் அதற்கு வைத்தியம் இல்லை. காமன் எரியும் காட்சியில் ரதியின் ஒப்பாரி மட்டும் தடங்கலில்லாமல் வந்தால் போதும் என்பது என் எண்ணம், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்களோ.

ஃபோட்டோ சீடிக்கு வேறு காரணம். மின்டின் ஃபைல் மேனேஜரான நீமோவில் ஃபோல்டரைத் திறந்தவுடன் அது ஒவ்வொரு படத்துக்கும் சின்னப் படம் தயாரிக்கத் தொடங்கும். அதே நேரத்தில் நீங்கள் கொப்பியும் போட்டால் லேசர் இங்கும் அங்கும் தாவியே நேரத்தைக் கழிக்கும். நீமோவின் விருப்பங்களில் முன்தோற்றத்தை நிறுத்திவிட்டு, முழுச் சீடியையும் ஒரே ஐஎஸ்ஓவாக (முழுத் தட்டின் நகலான ஒரே ஃபைல்) எடுத்து, பிறகு அதிலிருந்து படங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். லேசர் ஒரே திசையில் போவதால் வித்தியாசம் உடனே தெரியும்.

கல்யாண டிவிடிக்கு டிமெஸ்ஜியில் 'மீடியம் எரர்' என்று வந்தால் தட்டு தேய்ந்திருக்கிறது, அல்லது சாயம் கெட்டிருக்கிறது. எழுதும் தட்டில் தரவு நிற்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் ஈரமும் அதற்கு ஆகாது. இங்கே வெயிலைவிட ஈரம்தான் பகை. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். மாப்பிள்ளை பெண் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வேகமாகச் சுழலும்போது தட்டு ஆடும், டிரைவ் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைக் கிழித்தெடுக்கப் போகாதீர்கள். சீடியாக இருந்தால் ஸ்டிக்கரோடு தரவுப் படலமே உரிந்து வந்துவிடும்.

இப்படிப்பட்ட தட்டுக்கு வேகத்தைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். எஜெக்ட் கட்டளையில் சின்ன எக்ஸ் ஒப்ஷனும் 4 என்ற எண்ணும் கொடுத்தால் டிரைவ் குறைந்த வேகத்தில் நிற்கும். சில டிரைவ்கள் இதைக் கண்டுகொள்ளாது. பிறகு கெட்ட தட்டிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ, மின்டில் அதன் பொதிப் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. பிளாக் அளவு 2048 கொடுத்து, முதல் சுற்றில் 'என்' என்ற ஆங்கில எழுத்து ஒப்ஷனோடு ஓட்டுங்கள். எளிதில் வருவதை எல்லாம் எடுத்துவிட்டு முரண்டு பிடிக்கும் இடங்களைத் தள்ளி வைக்கும். இரண்டாம் சுற்றில் டி ஒப்ஷனும் ஆர்3-உம். எதுவரை எடுத்தாகிவிட்டது என்று குறித்து வைக்கும் மெப் ஃபைல் ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள். மழை காற்று என்றால் கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல, உங்கள் லெப்டொப் பேட்டரியின் ஆயுளும் எனக்குத் தெரியாது. மெப் ஃபைல் இருந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரும். அதே மெப் ஃபைலையும் பாதி இமேஜையும் பக்கத்து வீட்டுக் கணினிக்குக் கொண்டுபோய், அந்த டிரைவில் மிச்சத்தை எடுக்கச் சொல்லலாம். ஒரு டிரைவ் கைவிட்ட செக்டரை இன்னொன்று அலட்டிக்கொள்ளாமல் வாசிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டிரைவர் சீடியும் மெதுவாகவே ஓடினால்தான் லென்ஸ் பக்கம் போக வேண்டும். லெப்டொப் டிரைவில் லென்ஸ் தட்டத்தோடேயே வெளியே வரும். மெஷினை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, முன்னால் உள்ள சின்ன ஓட்டையில் பேப்பர் கிளிப்பை நுழைத்துத் திறந்தால், கண்ணாடி மணி போல லென்ஸ் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் அடுப்புப் புகையும் மூடுபனி ஈரமும் சேர்ந்து படிந்தது. காதுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் ஒரு சொட்டு, மெல்ல ஒரு தடவல். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் கதை முடிந்தது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்த லெப்டொப்பைச் சூடான அறையில் உடனே ஓட்டாதீர்கள். லென்ஸில் பனி கோக்கும், அரை மணி நேரம் விட்டால் தானே போய்விடும்.

வெளி யூஎஸ்பி டிரைவ் வாங்குவதாக இருந்தால், செருகிய பிறகு, யூஎஸ்பி கருவிகளைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை டி ஒப்ஷனோடு அடித்து 480எம் (நொடிக்கு 480 மெகாபிட்) என்று வருகிறதா பாருங்கள். 12எம் என்றால் நொடிக்கு 1 மெகாபைட்தான் வரும். வேறு போர்ட், வேறு கேபிள். உள்ளே மாற்றுவதென்றால் கடைக்குப் போகுமுன் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். தடிப்பு 12.7 மில்லிமீட்டரா 9.5-ஆ, கனெக்டர் புதிய வகையான சாட்டாவா, பழைய ஐடிஈயா என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுங்கள். முன்பக்க மூடியைக் கழற்றிப் புதியதில் மாட்டிக்கொள்ளலாம்.