ஐடி கம்பெனிகள் சொல்லும் 'பசுமை அலுவலகம்' உண்மையா, படம் காட்டுவதா?

பிசினஸ் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, சுற்றுச்சூழலுக்காக நிறையச் செய்வதாக அவர்கள் சொல்வதை நம்பிச் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் இரண்டு ஆஃபர் இருக்கும் போல. சம்பளம் கூடக் கொடுக்கிற இடத்துக்குப் போங்கள். ஆனாலும் கேள்வியைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்கவில்லை.

சென்னையில் ஐடி கம்பெனிகள் வரிசையாக இருக்கும் ஓஎம்ஆர் சாலையில், அப்படி ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் ஐடி அசெட் பார்த்தேன். எந்த லேப்டாப் யாரிடம் இருக்கிறது, எப்போது வாங்கியது, எப்போது கழிப்பது என்ற கணக்கு. மற்றவர்களுக்கு நான் 'சார்ஜர் கொடுக்கிற அண்ணன்'.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குறை மட்டும் பாடுகிறான் என்பார்கள். தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஆட்கள் நிஜமாகவே திருந்தினார்கள். 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் ஓஎம்ஆர் கம்பெனிகள் பல, ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது நினைவிருக்கும். அதற்கப்புறம் ஏசியில் சொட்டுகிற தண்ணீரைக்கூடப் பிடித்துச் செடிக்கு விட்டோம். குழாய் காய்ந்தால் எவருக்கும் புத்தி வரும்.

லேப்டாப் கதை வேறு. விண்டோஸ் 10-க்கான ஆதரவை, அதாவது இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்தியது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். ட்ரெய்னிங் ரூமிலும் சப்போர்ட் டீமிலுமாக எங்களிடம் ஏழாம் தலைமுறை லேப்டாப் 140 இருந்தன. ரேம் கூட்டி, எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க்கை மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம், ஒரு குறையும் இல்லை.

விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் போட்டு ஏதாவது பள்ளிக்குக் கொடுக்கலாம் என்றேன். கம்பெனித் தகவல் இருந்த டிஸ்க் வாசலைத் தாண்டக் கூடாது என்றது செக்யூரிட்டி டீம். எல்லாம் என்க்ரிப்ட் செய்து பூட்டியதுதானே, திறக்கிற கீயை அழித்துவிட்டால் உள்ளே இருப்பது குப்பைதானே என்று கேட்டுப் பார்த்தேன். எடுபடவில்லை. ஃபைனான்ஸுக்கோ கவலையே இல்லை. கம்பெனிச் சட்டப்படி கம்ப்யூட்டரின் ஆயுள் 3 வருடம், அவர்கள் புத்தகத்தில் அந்த லேப்டாப்கள் என்றைக்கோ செத்துவிட்டன.

டிஸ்க் நொறுக்கும் வண்டி பேஸ்மென்ட் பார்க்கிங்குக்கே வந்தது. ஒவ்வொன்றாகப் போடப் போட, மிக்ஸியில் கல் விழுந்த மாதிரி சத்தம். கீழே ட்ரேயில் நகத்துண்டு நகத்துண்டாக விழுந்தது. நான் பக்கத்தில் நின்று சீரியல் நம்பரை டிக் அடித்தேன். அதில் 23 எஸ்எஸ்டி நானே எட்டு மாதத்துக்கு முன் புதிதாக மாட்டியவை.

ஐரோப்பியக் கஸ்டமர் ஒருவர் அனுப்பிய படிவத்தில், மின்கழிவில் எத்தனை சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது என்று ஒரு கேள்வி. 100 என்று நிரப்பினோம். பொய் இல்லை, லேப்டாப், நொறுக்கிய டிஸ்க் எல்லாம் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம்தான் போனது, சான்றிதழும் இருக்கிறது. மீட்டிங்கில் காட்டிய ஸ்லைடில், மறுசுழற்சி செய்த எடை போன வருடத்தைவிட ஏறியதற்கு மேல்நோக்கி ஒரு பச்சை அம்பு! இன்னும் இரண்டு வருடம் அவற்றை ஓட்டியிருந்தால் அம்பு கீழே பார்த்திருக்கும். ஒரு லேப்டாப்பின் கார்பன் கணக்கில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே முடிந்துவிடுகிறது. அதற்கு ஸ்லைடில் இடமில்லை.

அப்டேட் இல்லாத மெஷினை நெட்வொர்க்கில் விடச் சொல்கிறாயா என்று கமென்டில் வருவீர்கள். சொல்லவில்லை. காசு கட்டினால் கம்பெனிகளுக்கு மூன்று வருடம் வரை அப்டேட் உண்டு, வருடா வருடம் விலை இரட்டிப்பாகும் என்பதும் தெரியும். கட்டியே ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று, கேட்காததுதான். அதே வருடம் பேப்பர் கப்பை நிறுத்தி எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தார்கள். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1-லேயே தடை செய்தாயிற்று, இவர்கள் ஏதோ தியாகம் மாதிரி மெயில் போட்டார்கள். போகட்டும். தினமும் நானூறு டம்ளரைக் கழுவுவது யார்? ஏற்கெனவே இருந்த இரண்டு ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள். கூட ஓர் ஆள் கேட்டதற்கு, அவர்கள் வெண்டர் ஆட்கள், நம் கணக்கில் வராது என்றார்கள். சோப்புத் தண்ணீரில் ஓர் அக்காவுக்கு விரலிடுக்கெல்லாம் வெடித்து, டம்ளரைப் பிடிக்கவே முடியாமல் போனது. இந்தப் பசுமை வேலைக்கெல்லாம் விருது வாங்கிய போட்டோவில் பதினோரு பேர் நின்றார்கள். அக்காக்கள் அப்போது கீழே பேன்ட்ரியில் இருந்தார்கள்.

சரி, உங்கள் விஷயம். லேப்டாப்பை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், அப்புறம் அது எங்கே போகும் என்று நேர்காணலில் கேளுங்கள். எச்ஆர் விசாரித்துச் சொல்கிறேன் என்பார், சொல்ல மாட்டார். சேர்ந்த அன்று லேப்டாப் கொடுக்கிற அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். புதுசுதான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் இருந்தால், நல்ல சார்ஜராகப் பார்த்தும் எடுத்துக் கொடுப்பார்.