மலைக்குளிரில் அலங்காரப் பனைகள்: கேள்வி பதில்

நீலகிரியிலும் அதையொத்த குளிர்மலைகளிலும் அலங்காரப் பனைகளை வளர்ப்போர் கேட்டவற்றுள், பலருக்கும் பொதுவாக உள்ள ஐயங்களுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன்.

கேள்வி (உதகை, காந்தல்): சமவெளி நர்சரியில் வாங்கிவந்த அரிக்கா பனை முதல் குளிர்காலத்திலேயே கருகிவிட்டது. பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரி வரை தாங்கும் என்று சொல்லி விற்ற ராயல் பனை சாகவில்லை. ஆனால் வளரவும் இல்லை. என்ன காரணம் ஐயா?

பதில்: பனைகளுக்குச் சொல்லப்படும் குளிர்தாங்கும் அளவுகளில் பெரும்பாலானவை ஃபுளோரிடா போன்ற இடங்களின் அனுபவத்திலிருந்து வந்தவை. அங்கே ஓரிரு இரவுகள் உறைபனி விழுந்தாலும், அதன் பின் பல மாதங்கள் 30 டிகிரிக்கு மேல் வெயில் காய்வதால், கருகிய மட்டைகளுக்கு ஈடாகப் பனை புதிய மட்டைகளை விரைவில் விட்டுவிடுகிறது. உதகையிலோ ஏப்ரல், மே மாதங்களில்கூடப் பகல் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டுவது அரிது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் மண் குளிர்ந்து நனைந்தே கிடப்பதால், வெப்ப மண்டலப் பனையின் வேர் உயிரோடிருந்தும் உரத்தையும் நீரையும் சரிவர எடுப்பதில்லை. உங்கள் ராயல் பனையை முடக்கியது ஜனவரியின் உறைபனி மட்டுமன்று, ஆண்டு முழுவதும் வெப்பம் போதாமையும்தான். ஆகவே ஒரு பனையை வாங்குமுன், அது எத்தனை டிகிரி தாங்கும் என்பதற்கு முன்பாக, அதன் சொந்த ஊர் எது என்று கேளுங்கள். அரிக்கா மடகாஸ்கரின் கிழக்குக் கரைப்பகுதிக்கு உரியது. ராயல் பனை கியூபாவுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் உரியது. கோடையிலும் குளிர்ந்திருக்கும் மலை அவற்றுக்குப் பழக்கமே இல்லை.

கேள்வி (குன்னூர்): அப்படியானால் எவற்றை நடலாம்?

பதில்: முதலில் நான் சொல்வது சீன விசிறிப் பனையான டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனியை. சீனத்துத் தேயிலைச் செடிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்த ராபர்ட் பார்ச்சூனின் பெயரைத் தாங்கிய இந்தப் பனை, பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியையும் தாங்கக்கூடியது. மிதமான கோடையே அதற்குப் போதும். இடம் தாராளமாக இருந்தால் கேனரித் தீவுப் பேரீச்சையை நடலாம். மத்தியதரைக் கடலோரத்தின் குள்ள விசிறிப் பனையான கேமரோப்ஸும் நன்றாக வரும், ஆனால் நீர் தேங்கும் இடம் அதற்கு ஆகாது. நிழலான முற்றத்துக்கு ராப்பிஸ் என்னும் மெல்லிய தண்டுகள் கொத்தாக எழும் சிறு பனை பொருந்தும். உங்கள் குன்னூரில் உறைபனி உதகையைவிடக் குறைவு என்பதால், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைச் சேர்ந்த கிங் பனையையும் மரநிழலில் துணிந்து நடலாம். வழுவழுப்பான தண்டும் பச்சை மட்டையுறையும் கொண்ட அது, ராயல் பனைக்கு ஆசைப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் மனநிறைவைத் தருகிறது.

கேள்வி (கோத்தகிரி): எங்கள் நிலம் சரிவாக இறங்கி ஓடையில் முடிகிறது. ஓடைக்கரையில் மண் நன்றாக இருப்பதால் பனைகளை அங்கேயே நட எண்ணுகிறேன்.

பதில்: தயவுசெய்து அங்கே நட வேண்டாம். நமது மலைகளில் உறைபனி பெரும்பாலும் மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில், தரை தன் வெப்பத்தை வானுக்கு இழப்பதால் உண்டாவது. குளிர்ந்த காற்று எடைமிக்கது என்பதால் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். விடியற்காலையில் சென்று பாருங்கள்: ஓடைக்கரைப் புல் வெண்மையாக உறைந்திருக்கும்போது, சற்று மேலே உள்ள புல்லில் வெறும் நீர்ப்பனி மட்டுமே இருக்கும். அந்த வெண்மை முடியும் கோட்டைக் கல் வைத்துக் குறித்துக்கொண்டு, அதற்கு மேலே நடுங்கள். சரிவின் குறுக்கே அடர்ந்த வேலி இருந்தால் அது குளிர்காற்றைத் தடுத்து மேற்புறத்தில் தேக்கிவிடும். வேலியின் அடியில் வழி விட வேண்டும். சில்வர் ஓக் மரங்களின் அடியில் நட்டால் அவற்றின் கிளைகளே தரையின் வெப்பத்தை ஓரளவு காத்துக்கொடுக்கும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், வீட்டின் தெற்குச் சுவரையோ தென்மேற்கு மூலையையோ ஒட்டிய இடமும் நல்லது. பகலில் சூடேறிய கற்சுவர் இரவில் அந்த வெப்பத்தை மெல்ல விடும்.

கேள்வி (உதகை): இளஞ்செடிகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடினேன். ஆனாலும் இலைகள் கருகின.

பதில்: இலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் காப்பாற்றாது, தொட்ட இடத்தில்தான் முதலில் கருகும். செடியைச் சுற்றி நான்கு குச்சிகளை நட்டு, அவற்றின்மேல் சாக்கைத் தரைவரை தொங்கவிட்டால், தரையிலிருந்து எழும் வெப்பம் உள்ளேயே தங்கும். மிலாறுகளை, அதாவது மெல்லிய சிறு கிளைகளைக் கொண்டு மூடும் உதகைத் தோட்டக்காரர்களின் முறையும் மிக நல்லது, ஏனெனில் அது இரவில் வெப்பத்தைக் காப்பதோடு காலையில் வெயில் நேரே உறைந்த இலைமேல் விழாமலும் தடுக்கிறது. சாக்கைப் பனி உருகியபின் தினமும் எடுத்துவிட வேண்டும்.

கேள்வி (கொடைக்கானல்): ஜனவரிக்குப் பிறகு என் பனையின் நடுக்குருத்து கையோடு வந்துவிட்டது. மரம் செத்துவிட்டதா?

பதில்: இன்னும் முடிவு செய்ய வேண்டாம். பெரும்பாலான பனைகளில் ஒரு தண்டுக்கு ஒரே வளர்முனைதான், அது குருத்துக்குக் கீழே ஆழத்தில் இருக்கிறது. குளிரால் மென்மையான குருத்தடி சேதமாகும்போது, அங்கே தேங்கும் நீரில் பூஞ்சையும் பாக்டீரியாவும் புகுந்து அழுகலை உண்டாக்குகின்றன. வெளியே வந்த குருத்தின் அடியைப் பாருங்கள்: அது பழுப்பாகக் குழைந்து புளித்த நாற்றம் அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். குழிக்குள் உள்ள நீரைத் துணியால் ஒற்றி எடுத்து, லிட்டர் நீருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் தாமிரப் பூஞ்சைக்கொல்லியைக் கலந்து ஊற்றி, மேலே மழையும் பனியும் விழாதபடி மறைப்புக் கட்டுங்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை ஊற்றினால் போதும். மேலும் மேலும் ஊற்றினால் தாமிரமே செடிக்கு நஞ்சாகும். வளர்முனை பிழைத்திருந்தால் வெப்பம் கூடும் மாதங்களில் புதுக்குருத்து எழும். முதலில் வரும் கீற்றுகள் சுருங்கியும் நுனி இல்லாமலும் இருக்கக்கூடும். அதைக் கண்டு வெட்டிவிடாதீர்கள்.

கேள்வி (உதகை): பாதி கருகிய மட்டைகளை நீக்கிவிடலாமா? உரம் எப்போது இடுவது?

பதில்: பாதியேனும் பச்சையாக உள்ள மட்டை மரத்துக்கு உணவு தயாரித்துக்கொண்டிருக்கிறது. பழைய மட்டையில் உள்ள பொட்டாசியத்தைப் பனை புதுக்குருத்துக்கு எடுத்துக்கொள்ளவும் செய்கிறது. ஆகவே உறைபனிக் காலம் முடியும்வரை எதையும் வெட்ட வேண்டாம். அதன் பின் முழுதும் காய்ந்ததை மட்டும் நீக்குங்கள். கனமழை பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடுவதால், உரத்தை ஒரே தவணையில் கொட்டாமல் சிறுசிறு தவணைகளாக இடுவதே முறை. கேனரிப் பேரீச்சையின் கீழ்மட்டைகளில் ஓரம் மஞ்சளாகவும் நடுப்பகுதி பச்சையாகவும் இருந்தால் அது மக்னீசியக் குறை. நமது அமில மண்ணுக்கு டோலமைட் என்னும் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூளை இட்டால் அமிலமும் தணியும், மக்னீசியமும் கிடைக்கும். செப்டம்பருக்குப் பிறகு தழைச்சத்து தர வேண்டாம். அதனால் எழும் இளந்தளிரே முதலில் பனிக்கு இரையாகும்.

கேள்வி (ஏற்காடு): எங்கள் ஊரில் ஃபாக்ஸ்டெயில் பனை வளருமா?

பதில்: வளரும். மெதுவாக வளரும், வெயில் நன்றாக விழும் இடத்தில் வையுங்கள்.

கேள்வி (நுவரெலியா): ஆண்டிஸ் மலையின் மெழுகுப் பனையை இங்கே முயன்று பார்க்கலாமா?

பதில்: முயல வேண்டிய பனை அதுவே. கொலம்பியாவின் தேசிய மரமான அது, 2000 மீட்டருக்கு மேற்பட்ட முகில் சூழ்ந்த மலைகளில் வளர்ந்து 45 மீட்டரையும் தாண்டும். உங்கள் ஊரின் குளிர்ந்த ஈரக்காற்று அதன் சொந்த ஊர்க் காற்றை ஒத்தது. சமவெளியின் வெப்பத்தில்தான் அது நலிந்துபோகும். ஆனால் விதை முளைக்கப் பல மாதங்களும், தண்டு தரைக்கு மேலே தெரியப் பல ஆண்டுகளும் ஆகும் என்பதை அறிந்தே தொடங்குங்கள். விதையை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் தாவரத் தொற்றுத்தடுப்பு அனுமதியை முன்னதாகவே பெற்றுக்கொள்ளுங்கள். நாற்று இளமையாக இருக்கும்வரை ஆழமான தொட்டியில், நேர்வெயில் படாத இடத்தில் வைத்து, மண் காயாமலும் நீர் தேங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.