போத்தலில் மொரிங்கா, வேலியில் முருங்கை: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு கடையில் ‘மொரிங்கா’ தூள் 100 கிராம் போத்தல் 1,450 ரூபா. “பாலைவிட 17 மடங்கு கல்சியம்” என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. கனடாவில் இருக்கும் மகள் தானும் அதைத்தான் குடிப்பதாகச் சொல்லி என்னையும் வாங்கச் சொல்கிறாள். எங்கள் வளவில் இரண்டு முருங்கை நிற்கிறது. வாங்கத்தான் வேணுமோ? (கோண்டாவில் வாசகி)

பதில்: அம்மா, முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். மொரிங்கா வேறு மரமில்லை. தமிழ் முருங்கையோ மலையாள முரிங்ஙயோ, எங்கள் பக்கத்துச் சொல்தான் கப்பலேறிப் போனது. 1763இல் அதான்சன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அதைப் பேரினப் பெயராக்கினார். இப்போது அதே சொல் போத்தலுக்குள் இருந்து திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பேரினத்தில் 13 இனங்கள் உண்டு. கூடுதலானவை கிழக்கு ஆபிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் வளர்பவை. மடகாஸ்கர் மரம் ஒன்றின் அடி பீப்பாய் மாதிரி வீங்கியிருக்கும், பார்த்தால் முருங்கை என்று சொல்லமாட்டீர்கள். ஆனால் கடைத் தூள் அநேகமாக எல்லாமே நீங்கள் வறைக்கு ஆய்கிற அதே இலைதான்.

17 மடங்கு என்பது பொய்யில்லை. கணக்கைப் போட்ட விதத்தில்தான் கெட்டித்தனம். காய்ந்த முருங்கையிலைத் தூள் 100 கிராமில் கல்சியம் 2,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். பால் 100 கிராமில் 120 அளவில் இருக்கும். வகுத்தால் 17 வரும். ஆனால் பாலில் 87 வீதம் தண்ணீர், தூளிலோ தண்ணீரை வற்ற எடுத்துவிட்டார்கள். புழுக்கொடியலை ஒரு தட்டிலும் பச்சைப் பனங்கிழங்கை மறு தட்டிலும் வைத்து, எதில் மா கூட என்று கேட்கிற கதை இது. எங்கள் வீடுகளில் தேத்தண்ணிக்குப் போடுவது பால்மா. அதில் 100 கிராமுக்கு 900 மில்லிகிராம் அளவில் கல்சியம் இருக்கிறது. காய்ந்ததைக் காய்ந்ததோடு ஒப்பிட்டால் 17 மடங்கு, இரண்டு மடங்காகச் சுருங்கிவிடும்.

அதோடு, 100 கிராம் தூளை ஒரு நாளில் யாரும் விழுங்குவதில்லை. ஒரு தேக்கரண்டி 3 கிராம் என்று வையுங்கள். நாளுக்கு இரண்டு கரண்டி போட்டால் கிடைப்பது 120 மில்லிகிராம், அதாவது அரைக் கிளாஸ் பாலில் உள்ளது. அதிலும் இலையில் உள்ள ஒக்சலேற்று என்ற பொருள் ஒரு பங்கை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். போத்தல் 16 நாளில் முடியும். நாளுக்கு 90 ரூபா அளவில் கொடுத்து அரைக் கிளாஸ் பாலின் கல்சியத்தை வாங்குகிறீர்கள்.

“தோடம்பழத்தைவிட விற்றமின் சி கூட” என்றும் சில போத்தல்களில் பார்த்தேன். அது பச்சை இலைக்குப் பொருந்தக்கூடிய பேச்சு. காயவைத்தால் விற்றமின் சியின் பெரும்பங்கு போய்விடும். பச்சை இலையின் பெருமையைக் காய்ந்த தூளின் போத்தலில் ஒட்டுவதைத்தான் நான் ஏமாற்று என்பேன். தூளில் புரதம், இரும்பு, விற்றமின் ஏயாக மாறும் கரோட்டீன் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. அதை மறுக்கவில்லை.

ஆகவே இரண்டு மரம் நிற்கிற வளவுக்காரி வாங்கத் தேவையில்லை. வறை, ஒடியற்கூழ், சொதி என்று வாரத்தில் மூன்று நாள் இலை சேர்ந்தால் போதும். பனிக்குள் இருக்கிற மகளின் நிலைமை வேறு. அவவுக்குப் பச்சை இலை கிடைப்பதே பெரிய பாடு. அங்கே தூள் வாங்குவது பிழையில்லை.

கேள்வி: நாங்களே தூள் செய்து லண்டனில் உள்ள அக்காவுக்கு அனுப்பலாமா? எப்படிச் செய்வது? (சாவகச்சேரி)

பதில்: செய்யலாம். மசுக்குட்டி இல்லாத கொப்பாகப் பார்த்து முறித்து, இலையை இரண்டு தண்ணீரில் அலசி, ஈரம் வடிந்ததும் நிழலில் துணி விரித்து மெல்லிசாகப் பரப்புங்கள். வெயிலில் போட்டால் கெதியாகக் காயும், ஆனால் பச்சை நிறமும் கரோட்டீனும் போய்விடும். நொறுங்குகிற பதம் வந்ததும் ஈர்க்கை நீக்கி அரைத்து அரியுங்கள். பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், ஆய்ந்த இலை அரைக் கிலோவுக்கு 100 கிராம் தூள் வந்தாலே பெரிது. காற்றுப் புகாத போத்தலில் இருட்டான இடத்தில் வையுங்கள். அனுப்புவதற்கு முன் காய்ந்த இலைத்தூளை உள்ளே விடுவார்களா என்று அக்காவை அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள்.

கடைத் தூளுக்கும் இதே அளவுகோல்தான். நல்ல பச்சை நிறமும் முருங்கை மணமும் இருக்கவேண்டும். மண்ணிறமாக இருந்தால் வெயிலில் காய்ந்தது அல்லது பழசு. விரலில் தேய்க்கும்போது நறநறவென்று நார் தட்டுப்பட்டால் காம்பையும் சேர்த்து அரைத்திருக்கிறார்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சீனி வருத்தம். இருதயத்துக்கும் மருந்து எடுக்கிறார். முருங்கைக் குளிசை குடித்தால் சீனிக் குளிசையை விடலாம் என்று விற்கிறவர் சொல்கிறார். (பருத்தித்துறை)

பதில்: விடக் கூடாது. முருங்கையிலை சீனியைச் சற்றுக் குறைக்கலாம் என்று சில சிறிய ஆய்வுகள் உண்டு. அது குளிசைக்குப் பதிலாகாது. இரண்டையும் சேர்த்து எடுத்தால் சீனி தேவைக்கு மேல் இறங்கவும் கூடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவரென்றால் இன்னும் கவனம். முருங்கையிலையில் விற்றமின் கே நிறைய, அது மருந்தின் வேலையைக் கெடுக்கும். கறியில் வழக்கமாகச் சேர்ப்பது வேறு, திடீரென்று தினமும் குளிசையாக விழுங்குவது வேறு. கிளினிக்குக்குப் போகும்போது போத்தலையும் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். அது இலையா, வேரா, பட்டையா? வேரும் பட்டையும் நஞ்சுத்தன்மை கொண்டவை. கர்ப்பிணிகள் கிட்டவும் போகக் கூடாது. ‘மொரிங்கா’ என்று மட்டும் எழுதி, எந்தப் பாகம் என்று சொல்லாத போத்தலை நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: முருங்கை விதை கிணற்றுத் தண்ணியைச் சுத்தமாக்கும் என்று பைக்கற்றில் விற்கிறார்கள். உண்மையா? (உரும்பிராய்)

பதில்: கலங்கல் தண்ணீரில் விதைத்தூளைக் கலந்தால் அழுக்கு திரண்டு அடியில் படியும். அது உண்மை. எங்கள் கிணறுகளுக்குக் கலங்கல் பெரிய வில்லங்கமில்லையே! சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறும் தண்ணீரில் நமக்குக் கவலை உவர்ப்பும், தோட்டத்துப் பசளையாலும் மலசலகூடக் குழியாலும் சேரும் நைத்திரேற்றும். இவை கரைந்து நிற்பவை. விதை எடுக்காது. காசு மிச்சம்.

கேள்வி: வாங்கிய தூள் திறந்த அன்றே கட்டி கட்டியாகப் பூஞ்சணம். பில் தரவில்லை. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். (சுன்னாகம்)

பதில்: எனக்கும் ஒரு கடையில் இப்படி நடந்தது, நானும் பில் கேட்கவில்லை. கேட்டால் தரவேண்டியது வியாபாரியின் கடமை, கேட்காதது என் சோம்பல். போத்தலை எறியவேண்டாம். தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, நிறை, உற்பத்தியாளர் விலாசம் எல்லாம் தெரியும்படி படம் எடுங்கள். இவற்றில் ஒன்று இல்லையென்றால் அதுவும் முறைப்பாட்டில் சேரும். உணவு கெட்டிருப்பதால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலில் கொடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்து முறைப்பாடு போய்ச் சேரவேண்டும். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

கேள்வி: ‘இந்திய ஒட்டு முருங்கை’ என்று கன்று விற்கிறார்கள். ஊர்த் தடி நல்லதா, அதுவா? (கொடிகாமம்)

பதில்: அநேகமாக அது பி.கே.எம். 1 ஆக இருக்கும். தமிழ்நாட்டுப் பெரியகுளத்தில் உருவாக்கிய ரகம், விதையிலிருந்து வருவது. ஒட்டு என்ற சொல் விலைக்குப் போட்ட பூச்சு. ஆறு மாதத்தில் காய்க்கும், ஆனால் சில வருடத்தில் மாற்றவேண்டிவரும். காயை லொறிக்கு ஏற்ற நினைத்தால் அது சரி. வீட்டுக்கென்றால் ஊர்த் தடிதான். தமிழ்நாட்டு விவசாயப் பாடங்களிலேயே யாழ்ப்பாண முருங்கை, சாவகச்சேரி முருங்கை என்று தனித்தனி ரகமாக எழுதியிருக்கிறார்கள். சாவகச்சேரிக் காய் 90 முதல் 120 சென்ரிமீற்றர் வரை நீளுமாம். சாவகச்சேரிக்குப் பக்கத்துக் கொடிகாமத்திலிருந்து நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் வேடிக்கை! பக்கத்து வளவில் நல்ல காய் காய்க்கிற மரத்தில் கைப் பருமனில் ஒரு தடி கேளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் நட்டுவிடுங்கள்.