தனியாகத் தேறும் கூடைச் சோதனை, மொத்தமாக ஓட்டினால் விழுவது ஏன்?

இணையக் கடையின் கூடையைப் பிளேரைட் (உலாவியைத் தானாக இயக்கி இணையதளங்களைச் சோதிக்கும் கருவி) கொண்டு சோதிக்கும்போது, சோதனை விழுகிறதே என்று காத்திருப்பு நேரத்தை 30 விநாடியிலிருந்து 60 ஆக்கியிருக்கிறீர்கள். அதைப் பழையபடி மாற்றிவிடுங்கள். கோளாறு அங்கே இல்லை. தனியாக ஓட்டினால் தேறி, முழுத் தொகுப்போடு ஓட்டினால் மட்டும் விழுகிறது என்கிறீர்கள். எல்லாச் சோதனைகளும் ஒரே பயனர் கணக்கில் நுழைகின்றன என்பதே என் கணிப்பு.

பிளேரைட் ஒவ்வொரு சோதனைக்கும் புதிய உலாவிச் சூழலைத் தருகிறது. அதனால் குக்கீகள் (உலாவியில் தளம் சேமிக்கும் சிறு தகவல்கள்) கலப்பதில்லை. ஆனால் சர்வருக்குப் பின்னால் இருக்கும் தரவுத்தளம் ஒன்றுதானே! சோதனைக் கோப்புகள் இயல்பாகவே இணையாக ஓடுகின்றன. ஒன்று கூடையில் பொருளைச் சேர்த்து முடிப்பதற்குள் இன்னொன்று அதைக் காலி செய்துவிடுகிறது.

வொர்க்கர் (சோதனைகளை இணையாக ஓட்டும் தனிச் செயல்முறை) எண்ணிக்கையை 1 ஆக்கி முழுத் தொகுப்பையும் ஓட்டிப் பாருங்கள். எல்லாம் தேறினால் மோதல் ஏறக்குறைய உறுதி. பிறகு வொர்க்கர் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு கொடுங்கள். கணக்கின் பெயரோடு வொர்க்கரின் எண்ணைச் சேர்த்தால் போதும்.

அப்போதும் விழுந்தால், முந்தைய சோதனை துடைக்காமல் விட்டுச்சென்ற தரவைத் தேடுங்கள்.

விழுந்த சோதனையைத் தானாக மீண்டும் ஓட்டும் மறுமுயற்சி அமைப்பை மட்டும் இப்போது இயக்காதீர்கள். எல்லாம் பச்சையாகத் தெரியும், பிழை உள்ளேயே கிடக்கும். நானே அப்படி ஒரு மாதம் ஏமாந்திருக்கிறேன்.