பெங்களூரில் ஒரு தட்டுவடை செட்

கேள்வி: அக்கா, நான் சேலத்தில் குகை என்கிற பகுதிக்காரி. கல்யாணமாகி பெங்களூர் வந்து 14 வருடம் ஆகிறது. போன மாதம் மகன் பிறந்தநாளுக்கு எங்கள் ஊர் தட்டுவடை செட் செய்தேன்; இரண்டு சின்னத் தட்டைக்கு நடுவில் சட்னியும் காயும் வைத்து மூடுவோமே, அதுதான். காலையிலேயே காயைத் துருவி உப்புப் போட்டு வைத்துவிட்டேன். விருந்தாளிகள் 5 மணிக்கு வருவார்கள் என்று 4 மணிக்கே 60 செட் அடுக்கிவிட்டேன். எடுத்துப் பார்த்தால் எல்லாம் நமத்துப்போய், தட்டு முழுக்க பீட்ரூட் சாறு. பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று தின்றுவிட்டு பீட்சா பக்கம் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் கும்பகோணம். "தட்டையை வெறும் தட்டையாவே வச்சிருக்கலாமே" என்றார். அன்று ராத்திரி அழுதுவிட்டேன். ஊர் ருசியை வீட்டில் கொண்டுவரவே முடியாதா?
- ஒரு வாசகி, பெங்களூர்

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கைப்பக்குவத்தில் குறையே இல்லை. குறையெல்லாம் அந்த 4 மணியில்தான். நீங்கள் செட் வைத்ததற்கும் பிள்ளைகள் வாயில் போட்டதற்கும் நடுவில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. சேலத்தில் எந்த வண்டியில் நின்றாலும் இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. தட்டுவடை செட்டை முன்கூட்டியே செய்து வைக்க முடியாது. அது கையிலிருந்து கைக்குப் போகிற பண்டம்.

நானும் சேலம் அம்மாப்பேட்டையில் வளர்ந்தவள். சாயங்காலம் தெரு முனையில் வண்டி வந்து நிற்கும்போது வீடுகளுக்குள்ளே தறி ஓடிக்கொண்டிருக்கும். அந்த அண்ணன் செட் வைப்பதை இப்போது கண்ணை மூடினாலும் பார்க்கிறேன். பிளேட்டில் ஐந்து தட்டுவடையைப் பரப்புவார். கரண்டியின் அடிப்பக்கத்தால் பச்சைச் சட்னியை ஒவ்வொன்றிலும் ஒரு தேய்ப்பு. அதன்மேல் மூன்று விரலால் அள்ளின வெங்காயம், கேரட், பீட்ரூட். சிவப்புச் சட்னி ஒரு சொட்டு. மேலே இன்னொரு தட்டுவடையை மூடி, கட்டைவிரலால் லேசாக ஓர் அழுத்து. அந்த அழுத்தில்தான் காய் சட்னியைப் பிடித்துக்கொள்ளும். பிளேட்டை நீட்டுவதற்குள் பக்கத்தில் இருப்பவர் "எனக்கொரு முட்டை செட்" என்பார். வாங்கினவர் நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாக முழுசாக வாயில் போட்டுக்கொள்வார். கடித்துச் சாப்பிட்டால் பாதி சட்டையில்தான் விழும். முதலில் நொறுங்குகிற சத்தம், அடுத்து பீட்ரூட்டின் இனிப்பு, கடைசியில் பூண்டும் காரமும். நமத்துப்போனால் இந்த வரிசையே கலைந்து எல்லாம் ஒரே கூழாகத் தெரியும். பிள்ளைகள் ஒதுக்கியது உங்கள் ஊர் ருசியை இல்லை; அந்த ருசி அவர்கள் வாய்க்கு இன்னும் போய்ச் சேரவே இல்லை.

இன்னொரு தப்பு, காயில் போட்ட உப்பு. உப்பு பட்டதும் கேரட்டும் பீட்ரூட்டும் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். காய்க்கு உப்பே வேண்டாம், சட்னியில் இருப்பது போதும். பீட்ரூட்டை மெல்லிசாகத் துருவி, ஒரு வெள்ளைத் துணியில் வைத்து ஒரு பிழி பிழிந்துவிடுங்கள். கேரட்டோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். கலந்தால் எல்லாம் ஒரே சிவப்பாகிவிடும். வெங்காயத்தை மட்டும் துருவாதீர்கள். துருவினால் சாறு விட்டுக் கசக்கும். கத்தியால் பொடியாக நறுக்க வேண்டும்.

அடுத்து சட்னி. என் கணக்கில் செட்டின் உயிர் இதில்தான். வண்டிக்கு வண்டி ருசி மாறுவதும் இதனால்தான். சிவப்புக்குக் காய்ந்த மிளகாயை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பூண்டும் உப்பும் சேர்த்து அரைக்க வேண்டும். பத்து மிளகாய்க்கு எட்டுப் பல் பூண்டு என்பது என் வீட்டு அளவு. பிள்ளைகள் சாப்பிடுவதால் ஒரு தக்காளியை வதக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். பச்சைக்கு மல்லித்தழை ஒரு பெரிய கட்டு, புதினா அதில் பாதி, பச்சை மிளகாய், உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. தேங்காய் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் அது இட்லிச் சட்னி ஆகிவிடும், சீக்கிரம் கெட்டும் போகும். இரண்டையும் தண்ணீர் ஊற்றாமல், மிக்ஸி ஓடவில்லை என்றால் மட்டும் ஒரு கரண்டி விட்டு, கெட்டியாக அரையுங்கள். கரண்டியைக் கவிழ்த்தால் சட்னி உடனே விழக்கூடாது. அந்தப் பதம்தான் தட்டுவடையைக் காப்பாற்றும்.

தட்டுவடையை வீட்டில் சுட வேண்டுமா என்று கேட்பீர்கள். அவசியமே இல்லை. சேலத்தில் அதைச் சுட்டு விற்கிற வீடுகள் எத்தனையோ உண்டு. வண்டிக்காரர்களில் பலரும் வாங்கித்தான் வைக்கிறார்கள். 200 கிலோமீட்டர் தூரம்தானே, ஊருக்குப் போகும்போது இரண்டு கிலோ வாங்கி வந்து காற்றுப்புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள். பெங்களூர் மழை நாளில் நமத்துவிட்டால், தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து இரண்டு நிமிடம் புரட்டி எடுத்து, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு கடித்துப் பார்த்து மொறுமொறுப்பு வரவில்லையே என்று நினைக்காதீர்கள், ஆறும்போதுதான் வரும்.

சுட்டே தீருவேன் என்றால், 2 கப் இட்லி அரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்து, ஆறேழு காய்ந்த மிளகாய், கொஞ்சம் பூண்டு, உப்பு சேர்த்து கெட்டியாக அரைத்துக்கொள்ளுங்கள். அரை கப் பொட்டுக்கடலை மாவு, 2 மேசைக்கரண்டி வெண்ணெய், ஊறின கடலைப்பருப்பு ஒரு கைப்பிடி சேர்த்துப் பிசையுங்கள். மாவு தளர்ந்தால் பொட்டுக்கடலை மாவை இன்னும் கொஞ்சம் கூட்டலாம். சின்ன நெல்லிக்காய் அளவு உருட்டி, எண்ணெய் தடவின தாளில் மெல்லிசாகத் தட்டுங்கள். ஒரு வாய்க்குள் அடங்குகிற அகலம்தான் கணக்கு. முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்த மறக்காதீர்கள். குத்தாவிட்டால் பூரி மாதிரி உப்பிவிடும், உப்பினதன் மேல் காய் நிற்காது. மிதமான தீயில் போட்டு, எண்ணெயில் சலசலப்பு அடங்கினதும் எடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கும்பகோணத்துக்காரருக்குத் தட்டை என்றால் கோகுலாஷ்டமிக்குச் சுடுவது, டப்பாவைத் திறந்து காபியோடு கொறிப்பது. அதில் பீட்ரூட்டையும் பூண்டுச் சட்னியையும் முதல்முறை பார்க்கிறவருக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். அவரையும் ஒருநாள் அடுப்பங்கரையில் பக்கத்தில் நிறுத்தி, வைத்த கையோடு ஒன்றை வாயில் போடுங்கள். அப்புறம் அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம்.

உங்கள் தெருவிலேயே நிப்பட்டு மசாலா விற்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் தட்டைக்குக் கன்னடத்தில் நிப்பட்டு என்று பெயர். கொஞ்சம் பெரிசு, வேர்க்கடலை போட்டுத் தடிப்பாக இருக்கும். அதன்மேல் வெங்காயம், கேரட், தக்காளி, காரப்பொடி போட்டு எலுமிச்சை பிழிவார்கள். மூடி கிடையாது. உங்கள் மகன் அதை விரும்பிச் சாப்பிடுகிறான் என்றால் பாதி வழி வந்துவிட்டான். "இதுக்கு மேல இன்னொண்ணு வச்சு மூடினா அம்மா ஊர் செட்டு" என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வான்.

மாங்காய் செட்டையும் விட்டுவிடாதீர்கள். சேலத்து மண்டியில் பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காய்தான் பெங்களூர்க் கடையில் தோத்தாபுரி. உங்கள் ஊர் மாங்காய்க்கு நீங்கள் இப்போது இருக்கிற ஊரின் பெயர்! எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். காயாக வாங்கி, தாள் போல் சீவி, காரட் இருக்கும் இடத்தில் ஒரு துண்டு வையுங்கள். மாங்காய் புளிப்பதால் அன்று பச்சைச் சட்னியில் எலுமிச்சை வேண்டாம்.

சரி, அடுத்த பிறந்தநாளுக்கு இப்படிச் செய்யுங்கள். சட்னியை முதல்நாளே அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். காயை 4 மணிக்குத் துருவுங்கள். ஒரு மேசையை ஹாலில் ஓரமாகப் போட்டு, தட்டுவடை டப்பா, இரண்டு சட்னி, மூன்று கிண்ணம் காய், வட்டமாக நறுக்கின வெந்த முட்டை என்று வரிசையாக வைத்து, மேசைக்குப் பின்னால் நீங்கள் நில்லுங்கள். பிள்ளைகள் தட்டோடு வரட்டும். கேட்கக் கேட்க வைத்துக் கொடுங்கள், ஒரு தடவைக்கு மூன்று செட்டுக்கு மேல் வேண்டாம். பத்து நிமிடத்தில் அவர்களில் ஒருவன் "நான் வைக்கிறேன் ஆன்ட்டி" என்று வருவான். கரண்டியைக் கொடுத்துவிடுங்கள்.

உடைந்த தட்டுவடையைத் தனியாக ஒரு டப்பாவில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எல்லோரும் கிளம்பினதும் அதைக் கையால் நொறுக்கி, மிஞ்சின காய், இரண்டு சட்னி, வெங்காயம் எல்லாம் போட்டு ஒரு கிண்டு கிண்டினால் நொறுக்கல் தயார். சட்னியைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுங்கள். அதை மட்டும் யாருக்கும் பங்கு வைக்காமல், கிண்ணத்தோடு பால்கனிக்கு எடுத்துப்போய் நீங்களே சாப்பிடுங்கள்.