நைரோபிக்குக் குடும்பத்தோடு போகலாமா? – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கென்யாவில் நீங்கள் வாழ்ந்த நாட்களைப் பற்றி எழுதியவற்றைப் படித்திருக்கிறேன். அந்தத் துணிவில் இதை எழுதுகிறேன். என் கணவர் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் தயாரிப்பு மேலாளராக இருக்கிறார். நைரோபிக்கு அருகில் ஆத்தி ரிவர் என்ற இடத்தில் உள்ள ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் அவருக்கு இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வேலை வந்திருக்கிறது. சம்பளம் இப்போது வாங்குவதைப் போல இரண்டரை மடங்கு. நான் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவர் எங்களையும் அழைத்துச் செல்ல விரும்புகிறார். "பச்சைப் பிள்ளையை ஆப்பிரிக்காவுக்கா கூட்டிக்கொண்டு போவாய்?" என்று மாமியார் கேட்கிறார். பல ஆண்டுகள் துபாயில் தனியாக இருந்து சம்பாதித்துத் திரும்பிய என் அண்ணன், "மாப்பிள்ளை மட்டும் போய் வரட்டும், நீ வேலையை விடாதே" என்கிறார். சேர்ந்து போவதா, அவரை மட்டும் அனுப்புவதா என்று தெரியாமல் குழம்பி நிற்கிறேன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

சேர்ந்து போங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் ஒரே விமானத்தில் போக வேண்டாம். உங்கள் கணவர் முதலில் போகட்டும். வேலை அனுமதி கையில் கிடைத்து, வீடும் பள்ளியும் முடிவான பிறகு நீங்களும் மகளும் போவது நல்லது. அதுவரை பள்ளியில் ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள்.

உங்கள் அண்ணன் சொல்வதில் அவருடைய அனுபவம் இருக்கிறது. ஆனால் அது வளைகுடாவின் அனுபவம். குடும்பத்தை அழைத்துக்கொள்ளச் சம்பளமும் சட்டமும் இடம் தராத சூழலில், லட்சக்கணக்கான நம் ஆண்கள் தனியாக இருந்து பணம் அனுப்பினார்கள். காலப்போக்கில் வெளிநாட்டு வேலை என்றாலே அப்படித்தான் என்று நம் வீடுகளில் பதிந்துவிட்டது. நைரோபி அப்படிப்பட்ட ஊர் அன்று. நிர்வாகப் பதவிக்கு வருபவர் குடும்பத்தோடு வாழ்வதற்கான வீடுகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அங்கே இருக்கின்றன. பதினோரு வயது மகளைத் தந்தையிடமிருந்து இரண்டு ஆண்டுகள் பிரித்துவைக்கக் கட்டாயம் எதுவும் இல்லாதபோது, ஏன் பிரித்துவைக்க வேண்டும்?

முதலில் அனுமதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். 2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்குப் பயணிகள் விசா கிடையாது. அதற்குப் பதிலாக இணையத்தில் விண்ணப்பித்துப் பயண அனுமதி பெற வேண்டும். அது சுற்றிப் பார்ப்பது, வணிகச் சந்திப்பு போன்ற குறுகிய வருகைகளுக்கு மட்டுமே உதவும். அதை வைத்துக்கொண்டு வேலை செய்வது குற்றம். "இப்போதைக்கு அதில் வாருங்கள், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எந்த நிறுவனம் சொன்னாலும், எவ்வளவு பெரிய சம்பளம் சொன்னாலும், உங்கள் கணவர் புறப்படக் கூடாது. அவருக்குத் தேவை 'கிளாஸ் டி' எனப்படும் வேலை அனுமதி. அது அந்த ஒரு நிறுவனத்துக்கும் அந்த ஒரு பதவிக்கும் மட்டுமே செல்லும்; வேலையை மாற்றினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கடவுச்சீட்டை நிறுவனத்திடம் கொடுத்துவைக்கும் வழக்கத்துக்கும் அவர் இணங்க வேண்டாம்.

நீங்கள் போவது சார்ந்திருப்போர் அனுமதியில். அதில் நீங்கள் அங்கே வேலை செய்ய முடியாது. பள்ளியில் கற்பிக்க வேண்டுமானால் உங்கள் பெயரிலேயே தனி வேலை அனுமதியும், அந்நாட்டு ஆசிரியர் பணி ஆணையத்தில் பதிவும் வேண்டும். இந்த இடமாற்றத்தில் மிகப் பெரிய இழப்பு உங்களுடையது என்பதை நீங்கள் இருவரும் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். இரண்டரை மடங்கு என்று கணக்குப் போடும்போது உங்கள் சம்பளம் நின்றுபோவதை அதில் கழித்தீர்களா என்று தெரியவில்லை. அங்கே ஊதியத்தின் பெரும்பகுதிக்கு வருமான வரி 30 சதவீத விகிதத்தில் பிடிக்கப்படும். 5 லட்சம் ஷில்லிங்குக்கு மேல் மாதச் சம்பளம் போனால் இன்னும் கூடும். அதோடு மருத்துவக் காப்பீட்டுக்கு 2.75 சதவீதமும், வீட்டுவசதி வரியாக 1.5 சதவீதமும் பிடித்தம் உண்டு. ஆகவே கைக்கு வரும் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். சம்பளம் டாலரிலா ஷில்லிங்கிலா என்பதும் முக்கியம். 2024 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 160 ஷில்லிங் கொடுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அது 130-க்கு அருகே வந்துவிட்டது. ஊருக்குப் பணம் அனுப்பும் குடும்பத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் சாதாரணமானதன்று.

உங்கள் கணவரின் துறை சார்ந்த ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். ஆத்தி ரிவரில் இத்தனை தையல் ஆலைகள் வந்ததற்குக் காரணம், ஆப்பிரிக்க நாடுகளின் ஆடைகளைச் சுங்கவரியின்றி அனுமதிக்க 2000-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம். வெளிநாட்டுத் துணியை வாங்கித் தைத்து அனுப்பினாலும் அந்தச் சலுகை உண்டு என்பதால்தான் கென்யாவில் இந்தத் தொழில் வளர்ந்தது. அந்தச் சட்டம் கெடு வைத்து நீட்டிக்கப்படுவது. 2015-இல் நீட்டித்த பத்தாண்டுக் கெடு 2025 செப்டம்பரில் முடிந்தது. இப்போது அந்த ஆலையின் ஆர்டர்கள் எந்த நாட்டுக்குப் போகின்றன, சலுகை தொடராவிட்டால் ஒப்பந்தக் காலத்துக்கான ஊதியத்துக்கும் திரும்பும் பயணச் செலவுக்கும் யார் பொறுப்பு என்று அவர் கேட்டே ஆக வேண்டும். திருப்பூரில் இருப்பவருக்கு ஒரு நாட்டின் வரி மாற்றம் தையல் தளத்தை எப்படி ஆட்டும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

மாமியாரின் அச்சத்தைத் தள்ளிவிடாதீர்கள். அவருக்குத் தெளிவாகப் பதில் சொல்லுங்கள். நைரோபி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய குன்னூரின் தட்பவெப்பம். அந்த உயரத்தினால் மலேரியா அபாயம் நகரில் குறைவு; மொம்பாசா கடற்கரைக்கோ கிசுமு ஏரிப்பகுதிக்கோ போகும்போது மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். சாதாரண மருத்துவமனைகளில் அது கிடைக்காது. சென்னையில் கிண்டி கிங் நிலையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடங்களில்தான் போடுவார்கள். ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள், ஏனென்றால் அது இல்லாமல் கென்யாவிலிருந்து ஊர் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்திவிடுவார்கள். திருட்டும் வழிப்பறியும் உண்டு. இருட்டிய பின் நடந்து போகக் கூடாது, தெருவில் கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. 2024 ஜூனில் நிதி மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்த நாட்களைப் போல, நகர மையத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்க வேண்டிய நாட்களும் வரும். இவற்றைத் தெரிந்துகொண்டு இலட்சக்கணக்கான குடும்பங்கள் அங்கே பிள்ளை வளர்க்கின்றன.

மகளின் பள்ளியை அவளுடைய பத்தாம் வகுப்பை மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். கென்யப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஆண்டு ஜனவரியில் தொடங்கும். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளில் செப்டம்பரில் தொடங்கும். ஒப்பந்தம் நீண்டு, ஒன்பதாம் வகுப்பின் நடுவில் திரும்பி வர நேர்ந்தால்தான் சிக்கல். இரண்டு ஆண்டில் திரும்புவது உறுதி என்றால் எந்தத் திட்டமும் அவளைப் பாதிக்காது. கணக்கையும் தமிழையும் நீங்கள் வீட்டில் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் நான் எழுத விரும்பிய விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அங்கே போய் இறங்கியதும் நம்மவர்கள் அன்போடு வந்து, பார்க்லண்ட்ஸ் பகுதியில் வீடு பார்த்துக் கொடுப்பார்கள். கறிவேப்பிலை முதல் கோலமாவு வரை நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும். மதில், காவலாளி, உள்ளே நான்கைந்து இந்தியக் குடும்பங்கள், வார இறுதியில் கோயில். நகரின் மேற்கிலிருந்து ஆத்தி ரிவருக்கு அருகிலுள்ள ம்லோலோங்கோ வரை 2022-இல் திறந்த 27 கிலோமீட்டர் விரைவுச் சாலை இருப்பதால், ஆத்தி ரிவருக்குத் தினமும் போய்வருவதும் முடியும். வசதியான ஏற்பாடுதான். ஆனால் அந்த மதிலுக்குள் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, ஒரு கென்யர் வீட்டிலும் ஒருவேளை சாப்பிடாமல் ஊர் திரும்பிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். அது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

அந்த மதிலுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1896-இல் மொம்பாசாவில் தொடங்கி 1901-இல் விக்டோரியா ஏரியை எட்டிய ரயில் பாதைக்காகப் பிரிட்டிஷார் இந்தியாவிலிருந்து சுமார் 32,000 கூலிகளைக் கொண்டுவந்தார்கள், பெரும்பாலோர் பஞ்சாபிகள். ஏறத்தாழ 2,500 பேர் இறந்தார்கள். குஜராத்தி வணிகர்கள் பாதையோரத்தில் கடைகள் திறந்தார்கள். வெள்ளையர் மேலே, இந்தியர் நடுவே, ஆப்பிரிக்கர் கீழே என்று காலனி அரசு அடுக்கிவைத்தது. மலைநாட்டு விளைநிலங்களை வாங்க இந்தியருக்கு அனுமதி இல்லை. ஆப்பிரிக்கரோ தங்கள் நிலத்தையே இழந்தார்கள். அந்த நடு அடுக்கின் மீதிருந்த கசப்பு விடுதலைக்குப் பிறகு வெளிப்பட்டது. 1967-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதியும் வணிக உரிமமும் கட்டாயமாக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான இந்தியர்கள் பிரிட்டனுக்குப் புறப்பட்டார்கள். பக்கத்து உகாண்டாவில் 1972-இல் இதி அமீன் 90 நாள் கெடு வைத்து விரட்டியதை உங்கள் மாமியாரே செய்தியாகக் கேட்டிருக்கக்கூடும். ஆனால் அடுக்கை ஏற்காத இந்தியர்களும் அதே மண்ணில் இருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் மக்கன் சிங் 1950-இல் பொதுமேடையில் முழு விடுதலை கோரினார்; அந்த ஆண்டே கைதாகி 1961 வரை காவலில் இருந்தார். கோவா வம்சாவளியினரான பியோ காமா பிண்டோ நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது 1965-இல் நைரோபியில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2017-இல் கென்ய அரசு ஆசியச் சமூகத்தை நாட்டின் 44-ஆவது இனக்குழுவாக அறிவித்ததில் இத்தகையவர்களின் பங்கு பெரிது என்று நான் நம்புகிறேன்.

இந்த வரலாறு உங்கள் சமையலறைக்குள்ளேயே வரும். வீட்டு வேலைக்கு ஒரு பெண் வருவார். நம்மவர் வீடுகள் சிலவற்றில், அலமாரியின் கீழ்த்தட்டில், அவருக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் குவளையும் தட்டும் கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கொங்கு நாட்டுத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையை எதிர்த்து எத்தனை ஆண்டுகள் போராட்டம் நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதை ஒரு பெட்டியில் வைத்துக் கடல் கடந்து எடுத்துப் போகாதீர்கள். அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் வீட்டுப் பணியாளருக்கும் பொருந்தும். அதைக் கேட்டறிந்து, அதற்கு மேல் கொடுங்கள். பத்து மணித் தேநீரை ஒரே மேசையில் உட்கார்ந்து குடியுங்கள். அங்கும் பாலும் தேயிலையும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய தேநீர்தான்.

உங்கள் கணவருக்கு இது இன்னும் முக்கியம். அவருக்கு அனுமதி கேட்கும்போது, அந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டுவதோடு, அவரிடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளப்போகும் கென்யர் யார் என்பதையும் நிறுவனம் தெரிவிக்க வேண்டியிருக்கும். பல ஆலைகளில் அது காகிதத்தில் ஒரு பெயரோடு நின்றுவிடுகிறது. அவர் உண்மையாகவே கற்றுக்கொடுக்கட்டும். திருப்பூர் லைன்களில் கத்திக் கத்தி டார்கெட் முடிக்கும் பழக்கம் அங்கே செல்லாது, செல்லவும் கூடாது. காலையில் தளத்தில் நுழைந்ததும் "ஹபாரி" என்று நலம் விசாரித்து, அவர்கள் சொல்வதை நின்று கேட்டு, பிறகுதான் பீஸ் கணக்குக்கு வர வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அதைச் செய்யாத மேலாளரை மரியாதை தெரியாதவர் என்றே தையல் பெண்கள் மதிப்பிடுவார்கள்.

ஆகவே இப்போதே மூவரும் கென்யாவின் பொதுமொழியான ஸ்வாஹிலியைப் படிக்கத் தொடங்குங்கள். உச்சரிப்பு நமக்குக் கடினமானதன்று. மணிக் கணக்கை மட்டும் கவனமாகப் பழகுங்கள்: அவர்கள் பகலைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள், ஆகவே குழாய் பழுதுபார்ப்பவர் ஸ்வாஹிலியில் மூன்று மணிக்கு வருகிறேன் என்றால் காலை ஒன்பதுக்கு வந்து நிற்பார்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் கணவரின் ஆலை இருக்கும் மச்சாகோஸ் வட்டாரமே துவரை விளையும் பூமி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிரில் இட்லி மாவு பொங்காது. மைக்ரோவேவுக்குள் ஒரு டம்ளர் கொதிநீரோடு மாவுப் பாத்திரத்தை வைத்து மூடிவிடுங்கள். பொடிகளையும் ஊறுகாயையும் பிளாஸ்டிக் கைப்பைகளில் கட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏனென்றால் 2017 ஆகஸ்டிலிருந்து அந்தப் பைகளுக்குக் கடுமையான தடை இருக்கிறது. விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நம் துணிப்பைகள் போதும்.

கணவரிடம் ஒப்பந்த நகலை வாங்கி, அனுமதி, கைக்கு வரும் சம்பளம், திரும்பும் பயணச் செலவு ஆகிய மூன்றும் அதில் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர் நிறுவனத்துக்கு எழுத வேண்டிய மின்னஞ்சலின் வரைவை எனக்கு அனுப்புங்கள். படித்துத் திருத்தித் தருகிறேன். மகளுக்கு ஏற்ற பள்ளிகளைப் பற்றித் தனி மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

அன்புடன்.