வீடியோவில் நடப்பதைக் கணினி எப்படிப் புரிந்துகொள்கிறது?

வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் படங்களான ஃபிரேம்கள் ஒவ்வொன்றையும் தனிப் படமாகப் பார்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பல நேரம் போதும், அதுதான் வேடிக்கை. நீச்சல் குளத்தின் நீலம் தெரிந்தாலே 'நீச்சல்' என்று கணினி சொல்லிவிடக்கூடும், ஆள் கையை அசைத்தாரா என்று பார்க்காமலேயே. மாட்டிக்கொள்வது கதவு விஷயத்தில்தான். பாதி திறந்த கதவின் ஒற்றைப் படத்தை வைத்து, அது திறக்கிறதா மூடுகிறதா என்று நம்மாலும் சொல்ல முடியாது.

அதற்காகத்தான் அசைவைத் தனியாக அளக்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களில் ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடும் முறைகள் 1981-லேயே வந்துவிட்டன. 2014-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிமோன்யனும் ஜிஸ்ஸர்மனும் இரண்டு நரம்பு வலையமைப்புகளை (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கணினி நிரல்களை) இணைத்தார்கள்: ஒன்று படத்தைப் பார்க்கும், மற்றது அசைவை மட்டும் பார்க்கும், கடைசியில், என்ன செயல் என்று இரண்டும் தரும் மதிப்பெண்கள் சேரும். காலத்தையே மூன்றாவது பரிமாணமாக எடுத்துக்கொள்ளும் வலையமைப்புகளும் உண்டு. இப்போது டிரான்ஸ்ஃபார்மர்களின் காலம்: எந்தப் பகுதி எதனோடு தொடர்புடையது என்று எடைபோடும் வலையமைப்புகள் அவை.

எதுவானாலும் நீளம்தான் தலைவலி. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், இரண்டு மணி நேர வீடியோவில் 1,80,000 படங்கள். அத்தனையையும் ஊட்டக் கட்டுப்படியாகாது. இடைவெளி விட்டுச் சிலவற்றைத்தான் எடுப்பார்கள். அரை நொடியில் நடந்த பிக்பாக்கெட் அந்த இடைவெளியில் விழுந்துவிட்டால், கணினிக்குத் தெரியவே தெரியாது.